கெடாவின் விதியை எழுதிய ஆங்கிலச் சொற்கள்

கெடாவின் வரலாற்றை ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் பெண்டாங்கிற்குப் போகலாம். அலோர் ஸ்டாருக்குத் தென்கிழக்கே உள்ள இந்த வட்டாரத்தில் ஒரு பக்கம் மலாய்க்காரர்களின் நெல்வயல்கள். இன்னொரு பக்கம் தமிழர்கள் உழைத்த ரப்பர் தோட்டங்கள். நடுவே சயாமிய கிராமங்களும் அவர்களின் புத்த ஆலயங்களும். இந்த மண்ணுக்கு யார் அரசர், யார் குடிமக்கள், யார் வெளியார் என்ற கேள்வி கடந்த 200 ஆண்டுகளில் பல முறை எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடை எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அதை எழுதியவர்களில் பலர் பெண்டாங் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1800-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி கெடாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன் ஆங்கில வாசகத்தில் கெடா ஆட்சியாளர் 'ஹிஸ் மெஜஸ்டி' என்று குறிக்கப்பட்டார். மலேசியத் தமிழ் நாளேடுகள் மாமன்னருக்கு எழுதும் 'மாட்சிமை தங்கிய' என்பதற்கு நிகரான சொல் அது. 26 ஆண்டுகள் கழித்து, 1826-இல், அதே கம்பெனி சயாமுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதில் கெடா அரியணைக்கு உரியவர் 'கெடாவின் முன்னாள் கவர்னர்' ஆகிவிட்டார்.

மாட்சிமை தங்கிய அரசர் எப்படிக் கவர்னரானார்? அதுவும் 'முன்னாள்' கவர்னராக எப்படி ஆனார்? இந்த ஒரு மாற்றத்திற்குள் கெடாவின் வரலாறே அடங்கியிருக்கிறது.

சொற்கள் பிறந்த கதை

முதலில் அந்தச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். 'கிங்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'குனிங்' என்பதுபோல் ஒலித்தது. குலம், உறவு என்று பொருள்படும் 'கின்' என்ற சொல்லுடன் தொடர்புடையது. குலத்திலிருந்து வந்த தலைவன் என்பது அதன் அடிப்படைப் பொருள்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு மொழி அரண்மனைக்குள் நுழைந்தது. இறையாண்மையைக் குறிக்கும் 'சாவரின்', வெளிநாட்டைக் குறிக்கும் 'ஃபாரின்', குடியைக் குறிக்கும் 'சப்ஜெக்ட்' எல்லாம் அந்த வழியாக வந்தவை. 'சாவரின்' என்பதன் வேர் 'மேலே' என்று பொருள்படும் லத்தீன் சொல். 'சப்ஜெக்ட்' என்றால் கீழே வைக்கப்பட்டவன். 'ஃபாரின்' என்பதன் வேருக்குக் கதவுக்கு வெளியே என்று பொருள். மேலே ஒருவர், கீழே ஒருவர், வாசலுக்கு வெளியே ஒருவர். ஆங்கில அரசியல் சொற்களின் வீடு இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பிரெஞ்சு வருவதற்கு முன்பு ஆங்கிலேயர்கள் அந்நியரை 'வெயல்' என்பதுபோன்ற ஒரு சொல்லால் அழைத்தார்கள். அடிமை என்ற பொருளும் பின்னர் அதற்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள், அந்தத் தீவில் ஏற்கெனவே வாழ்ந்திருந்த மக்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது! வந்தவன் இருந்தவனை அந்நியன் என்றான். அந்தச் சொல்லிலிருந்துதான் 'வேல்ஸ்' என்ற நாட்டின் பெயர் பிறந்தது. 1786-இல் பினாங்கைக் கைப்பற்றிய பிரான்சிஸ் லைட், அதற்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயர் சூட்டினார். இளவரசரின் பட்டப்பெயர் என்ற அளவில்தான் அவர் அதை வைத்தார். ஆயினும் அந்நியர் என்ற பழஞ்சொல் அந்தப் பெயருக்குள் ஒளிந்து கெடாவின் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

'மெஜஸ்டி'க்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்து அரசர்களே ஒரு காலத்தில் 'கிரேஸ்', 'ஹைனஸ்' என்றுதான் அழைக்கப்பட்டார்கள். எட்டாம் ஹென்றியின் காலத்தில், அதாவது 16-ஆம் நூற்றாண்டில், 'மெஜஸ்டி' அங்கே வேரூன்றியது. பின்னாளில் பேரரசு வளர்ந்தபோது 'மெஜஸ்டி' லண்டனுக்கு மட்டும் என்றானது. மற்ற அரசர்களுக்கு ஒரு படி கீழான 'ஹைனஸ்' கொடுக்கப்பட்டது. ஹைதராபாத் நிஜாமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் அந்தப் படியில்தான் நிறுத்தப்பட்டார்கள். தமிழில் அது 'மேன்மை தங்கிய' ஆகும்.

இப்படிப் படி வகுத்தது ஆங்கிலேயர்கள் மட்டும்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி, நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எடுப்பித்த கடார அரசரைக் 'கிடாரத்தரையன்' என்று குறிக்கிறது. அரையன் என்றால் அரசன்தான். ஆனால் சோழ மன்னர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட நீண்ட பட்டங்களோடு ஒப்பிட்டால் அது எளிய சொல். 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த கடற்படையெடுப்புக்குப் பிறகு இராசேந்திரனுக்குக் 'கடாரங்கொண்டான்' என்ற பட்டம் சேர்ந்தது. எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவரே படிகளையும் வகுக்கிறார். தமிழர்கள் கையில் இருந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

பாதுகாப்பு யாருக்கு?

1780-களில் கெடா சுல்தான் அப்துல்லாவுக்கு ஒரே கவலை. வடக்கே சயாம் வலுவடைந்து வந்தது. அதனால் தீவைக் கொடுக்க முன்வந்தபோது அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி இழப்பீடு வேண்டும். எதிரி தரை வழியாகத் தாக்கினால் கம்பெனி ஆளும் ஆயுதமும் கொடுத்து உதவ வேண்டும். கல்கத்தாவிலிருந்து நட்புமொழிகள் வந்தன. படை உதவிக்கு உறுதி வரவில்லை. உடன்படிக்கை முழுமையாகும் முன்பே லைட் தீவில் கொடியேற்றிவிட்டார்.

ஏமாற்றமடைந்த சுல்தான் 1791-இல் தீவை மீட்கப் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அதன்பின் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தொகை 6,000 வெள்ளியாகக் குறைந்தது. கெடாவைக் காப்பதாக அதில் ஒரு வாக்கியமும் இல்லை.

1800-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 'பாதுகாப்பு' என்ற சொல் இடம்பெறத்தான் செய்தது. ஆனால் எதைப் பாதுகாக்க? பினாங்கிற்கு எதிர்க்கரையில் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தைப் பகைவரிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் காப்பதாகத்தான் அந்த விதி சொன்னது. அந்த நிலம்தான் பிறகு வெல்லஸ்லி மாநிலமாகி, இன்று செபராங் பிறை ஆகியிருக்கிறது. தனக்குக் கிடைத்த நிலத்தைத் தானே காத்துக்கொள்வதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்தது! சுல்தானின் சொந்த நாடு அந்த வாக்கியத்தின் எல்லைக்குள் வரவில்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. எதிர்க்கரை நிலம் 'என்றென்றைக்கும்' கொடுக்கப்படுவதாக ஒரு விதி சொல்கிறது. தீவும் கரையும் ஆங்கிலேயர் வசம் 'இருக்கும் காலம் வரை' ஆண்டுக்கு 10,000 வெள்ளி தரப்படும் என்கிறது இன்னொரு விதி. முதல் விதியைப் பார்த்தால் அது விட்டுக்கொடுத்தது. இரண்டாவதைப் பார்த்தால் குத்தகை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மத்திய அரசு கெடாவுக்கு ஆண்டுதோறும் 10,000 வெள்ளி செலுத்தும் வழக்கம் தொடர்ந்தது. 2023-இல் கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி, பினாங்கு கெடாவுக்கே சொந்தம் என்று பேசியபோது இந்தப் பழைய முடிச்சுதான் மீண்டும் வெளியே வந்தது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டமோ பினாங்கைத் தனி மாநிலமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

பொன்மலர்: திறையா, நட்பா?

கெடா மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பேங்காக்கிற்குப் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களை அனுப்பி வந்தது. மலாயில் அதற்குப் 'பூங்கா மாஸ்' என்று பெயர். பொன்மலர் என்று பொருள். கெடா அரண்மனை அதை நட்பின் அடையாளம் என்றது. சயாம் அதை அடங்கியவர் கட்டும் திறை என்றது. ஆங்கிலேயர்கள் என்ன சொன்னார்கள்?

அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. 1821-22-இல் சயாமுக்குத் தூது சென்ற ஜான் கிராஃபர்ட், கெடா சயாமுக்குத் திறை கட்டும் நாடு என்றார். பினாங்கில் பணியாற்றிய ஜான் ஆண்டர்சன் அதை மறுத்து, கெடா சுதந்திர நாடே என்று வாதாடி 1824-இல் ஒரு நூலே எழுதினார். வெறும் சொல்லாராய்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. கெடா சுதந்திர நாடு என்றால், பினாங்கைக் கொடுத்தவருக்கு உதவும் கடமை கம்பெனிக்கு உண்டு. திறை கட்டும் நாடு என்றால், அது சயாமின் வீட்டு விவகாரம், தலையிட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததும் இதே பாணிதான். அந்த மண்ணின் மக்களுக்குக் கட்டபொம்மன் அரசர். கம்பெனியின் கணக்கில் அவர் கிஸ்தி கட்ட வேண்டிய பாளையக்காரர். அந்தச் சொல்லை வைத்தே அவர் கலகக்காரர் ஆக்கப்பட்டு, 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

கெடாவில் இடி 1821 நவம்பரில் விழுந்தது. லிகோரிலிருந்து வந்த சயாம் படை நாட்டைக் கைப்பற்றியது. சுல்தான் அகமட் தாஜுடின் பினாங்கிற்குத் தப்பினார். அவர் கேட்ட உதவி கிடைக்கவில்லை. 1826-இல் ஹென்றி பர்னி பேங்காக்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 13-ஆம் விதி, கெடாவில் சயாமே இருக்கும் என்று ஏற்றுக்கொண்டது. பினாங்கிலோ பிறையிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ சுல்தான் தங்கக்கூடாது என்றும் விதித்தது. சயாமின் பார்வையில் அவர் பேங்காக் பட்டம் கொடுத்த ஓர் ஆளுநர். ஆங்கில வாசகமும் அதையே ஏற்றுக்கொண்டு, 26 ஆண்டுகளுக்கு முன் அதே அரியணைக்குக் கொடுத்திருந்த 'மெஜஸ்டி'யை மறந்துவிட்டது.

நாட்டை மீட்க 1831-லும் 1838-லும் கெடா மக்கள் போராடினார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் அவர்களைக் கடற்கொள்ளையர் என்று குறித்தார்கள். 1838-இல் ஆங்கிலேயக் கப்பல்களே கெடாவின் கடற்கரையை அடைத்து நின்றன. சுல்தான் 1842-இல்தான் நாடு திரும்பினார். திரும்பியபோது நாடும் சுருங்கியிருந்தது. பெர்லிஸும் செத்துலும் கெடாவிலிருந்து பிரிந்திருந்தன.

விற்றவரும் வாங்கியவரும்

1909 மார்ச் 10-ஆம் தேதி சயாமும் பிரிட்டனும் பேங்காக்கில் ஓர் ஒப்பந்தம் செய்தன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீது தனக்குள்ள மேலாதிக்கம், பாதுகாப்பு, நிர்வாகம், கட்டுப்பாடு ஆகிய உரிமைகள் அனைத்தையும் சயாம் மாற்றிக் கொடுத்தது. நான்கு சொற்களில் நான்கு நாடுகள் கைமாறின. அந்த நாடுகளின் ஆட்சியாளர்கள் எவரும் அதில் கையெழுத்திடவில்லை.

தமது நாட்டை மாடு விற்பதுபோல் விற்றுவிட்டார்கள் என்றும், வாங்கியவரை மன்னித்தாலும் விற்றவரை மன்னிக்க முடியாது என்றும் கெடா தரப்பில் சொல்லப்பட்டதாக வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. அந்த மனவேதனை கெடாவுக்கு ஒரு பாடமானது. வந்திறங்கிய ஆங்கிலேய ஆலோசகர்களுடன் சுல்தான் அப்துல் ஹமிட்டின் நிர்வாகம் ஒவ்வோர் அதிகாரத்திற்கும் வாதாடியது. தனக்கென ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாக 1923 வரை, 14 ஆண்டுகள், கெடா காத்திருந்தது.

அந்த ஒப்பந்தத்தில் 'பாதுகாப்பு' என்ற சொல் மீண்டும் வந்தது. இம்முறை அதற்கு வேலி போடப்பட்டிருந்தது. சுல்தானும் அவரது ஆட்சி மன்றமும் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதிக்காமல், கெடாவை வேறு எவருக்கும் மாற்றிக் கொடுக்கவோ வேறு எந்த மாநிலத்துடனும் இணைக்கவோ மாட்டோம் என்று பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. 1909-இல் பட்ட சூடு அந்த வாக்கியத்தில் தெரிகிறது. 1945 இறுதியில் மலாயன் யூனியன் திட்டத்தோடு ஹரால்ட் மெக்மைக்கல் வந்தபோது, சுல்தான் பட்லிஷாவின் கையெழுத்தைப் பெறாமல் அவரால் நகர முடியவில்லை. நெருக்கிப் பெற்ற கையெழுத்துதான் அது. ஆனால் பெற்றே ஆக வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1890-களில் ஜொகூர் சுல்தான் அபு பக்கார் மீது ஓர் ஆங்கிலப் பெண்மணி, திருமண வாக்குறுதியை மீறினார் என்று லண்டனில் வழக்குப் போட்டார். சுல்தான் இறையாண்மை உள்ள அரசர் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே சான்று கொடுத்தது, வழக்கு தள்ளுபடியானது. 1924-இல் கிளந்தான் அரசாங்கத்திற்கு எதிராக டஃப் நிறுவனம் தொடுத்த வழக்கிலும் கிளந்தான் இறையாண்மை உள்ள நாடு என்றே முடிவானது. ஊரில் ஆலோசகர் சொல்வதைக் கேட்க வேண்டிய ஆட்சியாளர், லண்டன் நீதிமன்றத்தில் முழு அரசர்!

தோட்டத்து மக்களுக்கு என்ன ஆயிற்று?

இதெல்லாம் அரண்மனை விவகாரம், பால்மரம் வெட்டியவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கத் தோன்றலாம். அவர்களுக்கும் இருந்தது.

தெற்கே மூடா ஆறு. அதற்கு அப்பால் செபராங் பிறை பிரிட்டிஷ் மண். இப்பால் உள்ள கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தானின் நாடு. ஆற்றுக்கு அப்பால் பிறந்த தமிழ்க் குழந்தை, அந்த மண்ணில் பிறந்த காரணத்தாலேயே பிரிட்டிஷ் பிரஜை. கெடாத் தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த மண் அந்தத் தகுதியைத் தரவில்லை. ஒரே கங்காணி அழைத்து வந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் அக்கரையிலும் மற்றவர் இக்கரையிலும் வேலைக்கு அமர்ந்திருந்தால், அவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் இரண்டு வகையானார்கள்.

1948-இல் மலாயாக் கூட்டரசு உருவானபோது இந்த வேறுபாடு பலித்தது. பினாங்கில் பிறந்து நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே கூட்டரசுக் குடிமகன் ஆனார். மலாய் ஆட்சியாளர்களின் குடிகளும் தானாகவே ஆனார்கள். கெடாத் தோட்டத்துத் தமிழரோ பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எத்தனை ஆண்டு இங்கே தங்கினார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கையில் பத்திரமில்லாத பலரால் பதில் சொல்ல முடியவில்லை.

1957 ஆகஸ்டு 31-இல் கதவு அகலத் திறந்தது. அன்று முதல் இங்கே பிறந்தவர்கள் சட்டப்படி குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய்மொழித் தகுதியும் தளர்த்தப்பட்டது. பலர் பதிந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலும், ஒருநாள் கூலியை இழக்க மனமில்லாமலும், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலும் விட்டவர்களும் உண்டு. 1962-இல் கதவு குறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. வாழ்நாள் முழுதும் பால்மரம் வெட்டியவர்கள் வெளிநாட்டவர் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் பலர் கையில் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தார்கள்.

மீண்டும் மாட்சிமை

கெடா அரியணை தான் இழந்த சொல்லைத் திரும்பப் பெற்றது. சுல்தான் அப்துல் ஹமிட்டின் மகன் துங்கு அப்துல் ரஹ்மான் படித்த சுதந்திரப் பிரகடனத்தில் இறையாண்மை என்ற சொல் அழுத்தமாக இடம்பெற்றது. சுல்தான் அப்துல் ஹலிம் 1970 முதல் 1975 வரையிலும், பிறகு 2011 முதல் 2016 வரையிலும் நாட்டின் மாமன்னராக இருந்தார். அந்தப் பதவியை இரு முறை வகித்தவர் அவர் ஒருவரே. 1800-இல் எழுதப்பட்டு 1826-இல் அழிக்கப்பட்ட 'மெஜஸ்டி' அவர் காலத்தில் முறையாகத் திரும்பி வந்தது.

தோட்டத்து மக்களின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்வழியிலும் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. அது வரவேற்கப்பட வேண்டியது. அதே திருத்தம், இங்கே பிறக்கும் குழந்தையின் குடியுரிமை பற்றிய பிரிவிலிருந்து நிரந்தரவாசி என்ற தகுதியை நீக்கியது. பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டை வைத்திருந்தால், திருத்தத்தின் கீழ் பிறக்கும் அவர்களின் குழந்தை தானாகக் குடிமகனாகாது. ஓரிரண்டு சொற்கள்தான் எடுக்கப்பட்டன.

1909-இல் சூடுபட்ட கெடா அரண்மனை, அடுத்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டது. அந்தப் பழக்கம் தோட்டத்து வீடுகளுக்கும் வர வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைத் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. குழந்தையின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் பெற்றோர், அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அன்றைக்கே, பதிவு இலாகாவின் முகப்பை விட்டு நகரும் முன்பே, படித்துப் பார்த்துவிட வேண்டும்.